தலைப்பின் கடைசிச் சொல் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வியாழக்கிழமை காலை உங்கள் நாளிதழின் இணையப் பக்கத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தலைப்பு இப்படித் தெரிந்தது: "அடுத்த மாதம் நடக்கவிருக்கும் நுழைவுத் தேர்வுத் தேதியில் மாற்றம்…". என் அக்கா மகள் அந்தத் தேர்வுக்குத்தான் எட்டு மாதமாகப் படிக்கிறாள். செய்தியைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை, உடனே அவளுக்குப் போன் செய்தேன். அவள் பதறிப்போய்த் திறந்து படித்துவிட்டு, "சித்தி, மாற்றம் இல்லைன்னு போட்டிருக்கு" என்றாள். கடைசிச் சொல்லை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்திருக்கிறது பக்கம்.

செய்தியை எழுதியவர் மேல் ஒரு குறையும் இல்லை. அச்சில் வந்த இதழை எடுத்துப் பார்த்தேன். எட்டுச் சொல்லும் ஒழுங்காக இருந்தன. இணையப் பக்கத்தின் நிரலில் எங்கோ, "இத்தனை குறிக்கு மேல் போனால் வெட்டு" என்று ஒரு வரி இருக்கிறது. இப்படிப்பட்ட வரிகளை ஒரே இடத்தில் எழுதிவைக்கும் சிறு நிரல்துண்டுக்கு வலை நிரலாளர்கள் வைத்திருக்கும் பெயர் ஹெல்பர். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் கணினிப் பக்கத்தில் வலைச் செயலிக் கட்டமைப்புகளை, அதாவது இணையத் தளம் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகளைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை வந்தது. நல்ல கட்டுரை. ஆனால் ஹெல்பரை ஒரே வரியில் கடந்து போய்விட்டது. நான் பதினோரு ஆண்டு ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்து மெய்ப்பும் பார்த்தவள். 2009 முதல் வலைச் செயலிகள் எழுதுகிறேன். இரண்டு வேலையையும் செய்தவள் என்பதால், அந்த ஒரு வரியில் விடுபட்டதை எழுதலாம் என்று தோன்றியது. கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெயில்ஸ், ஜாங்கோ, லாராவெல் போன்ற கட்டமைப்புகளில் ஒரு பக்கம் உருவாகும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். தரவைக் கொண்டுவருவது ஒரு பகுதி. எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று முடிவுசெய்வது இன்னொரு பகுதி, ரெயில்ஸில் அதன் பெயர் கன்ட்ரோலர். கடைசியாக டெம்ப்ளேட். அது நடுநடுவே ஓட்டை விட்ட ஒரு பக்கம். ஓட்டைகளில் பெயர், தேதி, எண், தலைப்பு என்று ஒவ்வொன்றாக வந்து உட்காரும். ஆனால் தரவுத்தளத்தில் இருக்கிறபடியே அவற்றைக் காட்ட முடியாது. அங்கே தேதி 2024-03-07 என்று கிடக்கும். படிப்பவருக்கு அது 7 மார்ச் 2024 என்று தெரிய வேண்டும். இந்த மாற்றத்தை ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் திரும்பத் திரும்ப எழுதலாம். அல்லது ஒரே இடத்தில் எழுதி, ஒரு பெயர் வைத்து, வேண்டிய இடத்தில் எல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கலாம். அப்படிப் பெயர் வைத்த சிறு முறைதான் ஹெல்பர்.

2004-இல் வெளிவந்த ரெயில்ஸில் இதற்கென்றே தனி ஃபோல்டர் உண்டு. கையோடு வரும் ஹெல்பர்களும் ஏராளம்: இணைப்பு போட, படிவம் கட்ட, எண்ணில் காற்புள்ளி வைக்க, எவ்வளவு நேரம் முன் என்று சொல்ல, நீண்ட உரையைச் சுருக்க. ஜாங்கோவில் இதே வேலையை டெம்ப்ளேட் ஃபில்டர்களும் டேக்குகளும் செய்கின்றன. ஜாங்கோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அது உங்களுக்கு மகிழ்ச்சி தரும். அது பிறந்ததே ஒரு நாளிதழ் அலுவலகத்தில். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற நாளிதழின் இணையப் பிரிவில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் அதை எழுதத் தொடங்கினார்கள். 2005-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதில் 'ஏபி நம்பர்' என்று ஒரு ஃபில்டர் இன்றும் இருக்கிறது. ஒன்று முதல் ஒன்பது வரை எண்களைச் சொல்லாகவும் அதற்கு மேல் இலக்கமாகவும் காட்டும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் எழுத்து நடை விதி அது. ஒரு செய்தி மேசையின் விதி அப்படியே நிரலாகி உட்கார்ந்திருக்கிறது.

அதைப் படித்த நாளில்தான் எனக்கு ஹெல்பர் என்றால் என்ன என்பது முழுதாகப் புரிந்தது. எங்கள் அச்சகத்தில் மெய்ப்பு மேசைக்கு மேலே ஓர் அட்டை ஒட்டியிருக்கும். தேதியை எப்படி எழுதுவது, எந்த எண்ணைச் சொல்லாக எழுதுவது, மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா எல்லாம் அதில் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர் முதல் நாளே அதைப் படிக்க வேண்டும். ஹெல்பர் ஃபோல்டர் அந்த அட்டைதான். அட்டை சுவரில் இருக்கும், மனிதர் மறப்பார். ஹெல்பரை எல்லா டெம்ப்ளேட்டும் அழைத்தால் மறப்பதற்கு வழியே இல்லை.

எல்லா டெம்ப்ளேட்டும் அழைத்தால். அதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்துக்கு இரவல் மேலாண்மைச் செயலி ஒன்றை நாங்கள் மூன்று பேர் ரெயில்ஸில் எழுதிப் பராமரித்துவந்தோம். ஒரு புத்தகத்தைத் திருப்பித் தர இன்னும் எத்தனை நாள் என்று காட்ட வேண்டும். "இன்று கடைசி நாள்", "நாளை கடைசி நாள்", "இரண்டு நாள் தாமதம்" என்று. கேட்க எளிய வேலை. உறுப்பினர் பக்கத்தில் ஒருவர் எழுதினார், புத்தகப் பக்கத்தில் இன்னொருவர், நினைவூட்டல் மின்னஞ்சலில் நான். பிற்பாடு எண்ணிப் பார்த்தபோது 23 டெம்ப்ளேட்டுகளில் அந்தக் கணக்கு இருந்தது. பாதியில் இன்றைய தேதியைக் கேட்க ரூபி மொழியின் 'டேட் டுடே' இருந்தது, மீதியில் ரெயில்ஸின் 'டேட் கரண்ட்'. முதலாவது சர்வரின் கடிகாரத்தைப் பார்க்கும். இரண்டாவது செயலிக்கு நாம் குறித்துக் கொடுத்த நேர மண்டலத்தைப் பார்க்கும். எங்கள் சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடியது. அதற்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு விடிகாலையில் சில மணி நேரம், சர்வரைப் பொறுத்தவரை இன்னும் முந்தைய நாள்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், விடிகாலையில் எழுந்து பழகியவர், இருட்டு விலகும் முன்பே தன் பக்கத்தைத் திறந்து பார்த்தார். "நாளை கடைசி நாள்" என்று இருந்தது. மறுநாள் புத்தகத்தைக் கொண்டுவந்தார். தாமதமாகத் தந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. அவர் கோபப்படவில்லை. பக்கத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார், அதை மேசை மேல் வைத்து, "நான் தப்பாகப் படித்துவிட்டேனா என்று பாருங்கள்" என்றார். நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு நேரந்தவறாமை சொல்லிக்கொடுத்த மனிதர். அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. தப்பு முழுக்க எங்களுடையது.

அன்று மாலையே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே ஹெல்பருக்குள் கொண்டுவந்தோம். திரும்பவேண்டிய நாளை அதனிடம் கொடுத்தால் அது காட்டவேண்டிய வாக்கியத்தைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். 23 டெம்ப்ளேட்டில் 22-ஐ மாற்றி முடித்தோம். மின்னஞ்சல் டெம்ப்ளேட்டில் மட்டும் அந்த ஹெல்பரைக் காணோம் என்று ரெயில்ஸ் பிழை காட்டியது. காரணம் எளிது: பக்கங்களுக்கு எல்லா ஹெல்பரையும் ரெயில்ஸ் தானாகவே கொடுத்துவிடும், மின்னஞ்சலுக்குக் கொடுக்காது. மின்னஞ்சல் அனுப்பும் நிரல் பகுதியான மெயிலர் வகுப்பில் எந்த ஹெல்பர் வேண்டும் என்று நாமே ஒரு வரி எழுத வேண்டும். இது தெரியாமல் பலர் மின்னஞ்சலுக்கென்று தனியாக ஒரு நகல் எழுதிவைத்துவிடுகிறார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்திருந்தேன். பக்கம் ஒன்று சொல்ல, மின்னஞ்சல் வேறொன்று சொல்வது இப்படித்தான் தொடங்குகிறது.

மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது பெயரைப் பற்றி. எங்கள் பழைய நிரலில் 'ஃபார்மட் டேட்' என்று ஒரு ஹெல்பர் இருந்தது. அப்புறம் 'ஃபார்மட் டேட் நியூ'. அப்புறம் 'ஃபார்மட் டேட் 2'. மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்துத் தெரியவில்லை. தெரியாதபோது மனிதர் என்ன செய்வார்? நான்காவதாக ஒன்று எழுதுவார். நூலகர் மேசையில் என்ன சொல்கிறார்களோ அதையே பெயராக வைத்தோம்: திரும்ப வேண்டிய நாள், இரவல் நிலை, காத்திருப்போர் வரிசை. பெயரைப் படித்ததுமே புதிதாக வந்தவருக்கு அது எதற்கு என்று தெரிந்துவிட்டது. நகல் எடுக்கிற பழக்கம் தானாக நின்றது.

பெயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரெயில்ஸில் ஹெல்பர்களைத் தனித்தனிக் கோப்பில் பிரித்து எழுதினாலும், வழக்கமான அமைப்பில் எல்லாக் கோப்பும் எல்லாப் பக்கத்துக்கும் கிடைக்கும். புத்தகக் கோப்பில் 'நிலை' என்று ஒரு முறை, உறுப்பினர் கோப்பிலும் 'நிலை' என்று ஒரு முறை இருந்தால், ஒன்று மற்றொன்றைச் சத்தமில்லாமல் மூடிவிடும். பிழைச் செய்தி வராது. எங்களுக்கு ஓர் உறுப்பினரின் பெயருக்கு எதிரே "பழுதுபார்ப்பில் உள்ளது" என்று வந்தது. உடல்நலமில்லாமல் இருந்து தேறி வந்தவர் அவர். அதைப் பார்த்து அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். அன்றிலிருந்து 'புத்தக நிலை', 'உறுப்பினர் நிலை' என்று எதைப் பற்றியது என்பதையும் பெயரிலேயே சேர்த்துவிடுகிறோம். எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுக்காதே என்று ரெயில்ஸுக்குச் சொல்லும் அமைப்பும் இருக்கிறது. பெரிய செயலிகளில் அதைப் பயன்படுத்துவது நல்லது.

அடுத்து, ஹெல்பர் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். கன்ட்ரோலர் எங்கோ வைத்துவிட்டுப் போன மாறியை (பெயரிட்டு வைத்த மதிப்பை) அது தானாக எட்டி எடுத்தால், அந்த மாறி இல்லாத பக்கத்தில் விழுந்துவிடும். எந்தப் பக்கத்திலும் கூப்பிடலாம் என்பதற்காகத்தானே அதை எழுதினோம்? தரவுத்தளத்தையும் அது தொடக்கூடாது. காத்திருப்போர் எண்ணிக்கையைக் காட்டும் ஹெல்பருக்குள் நான் ஒரு தேடல் வைத்திருந்தேன். ஒரே புத்தகம் உள்ள பக்கத்தில் அதன் பாரம் தெரியவில்லை. ஐம்பது புத்தகம் உள்ள பட்டியலில் ஐம்பது தேடல் ஓடி, பக்கம் திறக்கவே தயங்கியது. எண்ணிக்கையை மொத்தமாக முன்னாலேயே எடுத்து ஹெல்பரிடம் கொடுத்ததும் சரியானது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஹெல்பர் எழுதும் புதியவர் எல்லாரும் இடறும் இடம் அது. பயனர் தட்டச்சு செய்த எதையும் அப்படியே பக்கத்தில் கொட்டக்கூடாது. அதில் நிரல் இருந்தால் படிப்பவரின் உலாவியில் அது ஓடும். 2005-இல் மைஸ்பேஸ் தளத்தில் ஒரே ஒரு சுயவிவரப் பக்கத்தில் ஒளித்துவைத்த நிரல், ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் பரவியது. ரெயில்ஸில் 2010 வரை ஒவ்வொரு இடத்திலும் அப்படி வரும் உரையில் உள்ள எச்டிஎம்எல் குறிகளை (பக்கத்தின் அமைப்பை உலாவிக்குச் சொல்பவை, கோணக்குறிகளுக்குள் வரும்) நாமே நினைவாகச் செயலிழக்கச் செய்ய வேண்டும். அந்த ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு முதல் கட்டமைப்பே அதைச் செய்துவிடுகிறது. அந்தக் காவலை விலக்க 'எச்டிஎம்எல் சேஃப்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஹெல்பரில் உரைத் துண்டுகளை ஒட்டிச் சேர்த்து, திரையில் கோணக்குறிகள் அப்படியே தெரிவதைப் பார்த்ததும், கடைசியில் அந்தச் சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். பார்க்கச் சரியாகிவிடும். காவலும் போய்விடும்.

எங்களுக்குத் தாக்குதல் வரவில்லை. ஒரு நிரல்மொழிப் பாடநூலின் ஆங்கிலத் தலைப்பில் கோணக்குறிகளுக்குள் ஒரு சொல் இருந்தது. உலாவி அதை எச்டிஎம்எல் குறி என்று நினைத்து விழுங்கிவிட்டது. அந்தப் புத்தகத்தைத் தேடி வந்த மாணவர், தலைப்பு பாதிதான் இருக்கிறது என்று சொன்னபோதுதான் விழித்தோம். எச்டிஎம்எல்லைக் கையால் ஒட்டாமல், 'கன்டென்ட் டேக்', 'சேஃப் ஜாயின்' என்று கட்டமைப்பு தரும் முறைகளால் கட்டினால் இந்தச் சங்கடம் இல்லை. ஜாங்கோவில் அதற்கு 'ஃபார்மட் எச்டிஎம்எல்'. ஹெல்பரில் எச்டிஎம்எல் நாலைந்து வரியைத் தாண்டினால் அது ஹெல்பரே இல்லை. அதைப் பார்ஷியலாகவோ (தனிக் கோப்பில் உள்ள சிறு டெம்ப்ளேட்) கம்பொனென்டாகவோ (பக்கத்தின் தனித்து நிற்கும் உறுப்பு) பிரித்துவிடுங்கள்.

இனி நம் மொழிக்கு வருகிறேன். கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான்.

கட்டமைப்போடு வரும் ஹெல்பர்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதில் குற்றம் ஒன்றுமில்லை, எழுதியவர்கள் தங்கள் மொழிக்கு எழுதினார்கள். ஆனால் அதை அப்படியே எடுத்துத் தமிழ்ப் பக்கத்தில் வைக்கும்போது என்ன நடக்கிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

ரெயில்ஸின் 'டிரங்கேட்' என்ற சுருக்கும் ஹெல்பரை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் எதுவும் சொல்லாவிட்டால் 30 குறியில் வெட்டும், அதில் மூன்று புள்ளிக்கு மூன்று போய்விடும். மிச்சம் 27. ஆங்கிலத்தில் அது 27 எழுத்து. தமிழில்? கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில், 'க', 'ம' போன்ற அகர எழுத்தைத் தவிர மற்ற உயிர்மெய் ஒரு குறி அல்ல. அகர எழுத்துக்கு ஒரு குறி, அதன் மேல் ஏறும் கொம்புக்கோ காலுக்கோ விசிறிக்கோ இன்னொரு குறி. புள்ளிக்கும் தனிக் குறி. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, இயந்திரத்துக்கு ஐந்து குறி. 'நுழைவுத் தேர்வுத் தேதியில்' என்பதில் நாம் எண்ணினால் 12 எழுத்தும் இரண்டு இடைவெளியும். இயந்திரம் எண்ணினால் 26. மூன்று சொல்லிலேயே இடம் தீர்ந்துவிட்டது.

அளவு குறைவது மட்டும் என்றால் எண்ணைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். வெட்டு எங்கே விழுகிறது என்பதுதான் தொல்லை. 'பால்' என்பதில் புள்ளிக்கு முன் வெட்டினால் 'பால' என்று நிற்கும். 'கொடை'யில் முதல் குறியோடு வெட்டினால் 'க'. சில பழைய கருவிகள் ஒகரத்தை ஒரே குறியாக வைக்காமல் ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்துச் சேமித்திருக்கும். அங்கே வெட்டு நடுவில் விழுந்தால் 'கொ' என்பது 'கெ' ஆகிவிடும். மெய்ப்பு மேசையில் இப்படி ஓர் எழுத்து தப்பியிருந்தால் எனக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்காது. இணையத்தில் இதை நாள்தோறும் பார்க்கிறோம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சிறு பிள்ளைகள் இந்தத் திரையில்தான் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.

சரி செய்வது கடினமில்லை. ரூபி 2.5 முதல் 'கிராஃபீம் கிளஸ்டர்ஸ்' என்ற முறை இருக்கிறது. அது குறிகளை எண்ணாமல், கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் தொகுப்புகளாகப் பிரித்துத் தரும். 'தமிழ்' அதில் மூன்றுதான். 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் அதிலும் இரண்டிரண்டாகத்தான் எண்ணப்படும் என்பதால் அவற்றுக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும். அதற்கு மேல், சொல்லின் நடுவில் வெட்டாமல் இடைவெளியில் வெட்டச் சொல்லும் வசதி 'டிரங்கேட்'டிலேயே இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்து பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு ஹெல்பர் எழுதி, பழையதைக் கூப்பிட்ட இடத்தில் எல்லாம் இதைக் கூப்பிட்டால் தளம் முழுக்க எழுத்து அறுவது நின்றுவிடும்.

ஆனால் உங்கள் தலைப்பில் எழுத்து அறவில்லை. சொல் இடைவெளியில்தான் வெட்டியிருந்தது, உங்கள் நிரலாளர் அந்தக் கவனத்தோடுதான் எழுதியிருக்கிறார். அப்படியும் பொருள் தலைகீழானது. ஏன்? நம் மொழியில் வினையும் எதிர்மறையும் கடைசியில் வருகின்றன. ஆங்கிலத் தலைப்பில் மறுப்பு பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும், வாலை வெட்டினாலும் செய்தி நிற்கும். தமிழில் வாலில்தான் செய்தி இருக்கிறது. 'இல்லை', 'அல்ல', 'மறுப்பு', 'ரத்து', 'வதந்தி' எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதனால் செய்தித் தலைப்பை நிரல் வெட்டவே கூடாது என்பது என் முடிவு. எவ்வளவு நல்ல ஹெல்பராக இருந்தாலும் வேண்டாம். இரண்டு வரி, மூன்று வரி என்று மடிந்து போகட்டும். இடம் போதாத பெட்டிகளுக்கு ஆசிரியர் குழுவே ஒரு குறுந்தலைப்பு எழுதட்டும். அச்சில் ஒற்றைப் பத்திக்கு வேறு தலைப்புப் போடுவது நீங்கள் காலங்காலமாகச் செய்வதுதானே. ஹெல்பருக்கு அப்போது ஒரே வேலை: குறுந்தலைப்பு இருந்தால் அதைக் காட்டு, இல்லாவிட்டால் முழுத் தலைப்பையும் காட்டு. இரண்டே வரி. எந்தப் பக்கத்திலும் யாரும் தனியாக வெட்டாமல் பார்த்துக்கொள்ளும்.

நேரம் காட்டும் ஹெல்பரிலும் இதே மாதிரி ஒரு சிக்கல். 'டைம் அகோ இன் வேர்ட்ஸ்' என்பது "3 நிமிடங்கள்" என்று ஒரு துண்டைத் தரும். பக்கம் எழுதுபவர் அதன் பின்னால் 'முன்' என்று ஒட்டிவிடுவார். "3 நிமிடங்கள் முன்" என்று வரும். நம் இலக்கணத்துக்கு "3 நிமிடங்களுக்கு முன்" என்று நான்காம் வேற்றுமை உருபு வேண்டும். ஆங்கிலத்தில் துண்டைத் துண்டோடு ஒட்டினால் வாக்கியம் வந்துவிடுகிறது. தமிழில் ஒட்டும் இடத்தில் சொல் உருமாறும்: 'நிமிடம்' 'நிமிடத்துக்கு' ஆகும், 'ஓர் ஆண்டு' 'ஓர் ஆண்டுக்கு' ஆகும். இதற்கு நான் செய்தது, மொழிக் கோப்பில் (பக்கத்தில் வரும் தொடர்களை மொழிவாரியாக எழுதிவைக்கும் கோப்பு) இந்தத் தொடர்களை உருபோடு முழுதாக இன்னொரு தொகுதியாக எழுதி வைத்தேன். அந்த ஹெல்பருக்கு எந்தத் தொகுதியிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்ல 'ஸ்கோப்' என்ற விருப்பம் உண்டு. அதைச் சுற்றி 'எவ்வளவு நேரம் முன்' என்று எங்களுடைய ஹெல்பர் ஒன்று. ஒரு நாள் வேலைகூட இல்லை.

பன்மைக்கும் அப்படித்தான். ஆங்கிலப் பன்மை ஹெல்பரான 'ப்ளூரலைஸ்' பெரும்பாலும் சொல்லின் வாலில் ஒரு எழுத்தை ஒட்டும். நாம் 'கள்' ஒட்டினால் போதுமா? வீடு வீடுகள், சரி. மரம் மரங்கள். பூ பூக்கள். பல் பற்கள். ஒட்டும் விதியை நிரலில் எழுத முயன்று இரண்டு நாளை வீணாக்கினேன். பின்பு ஒருமையையும் பன்மையையும் மொழிக் கோப்பில் முழுச் சொல்லாகவே எழுதிவைப்பதுதான் நேர்வழி என்று விட்டுவிட்டேன். ஆட்பெயரோடு வேற்றுமை உருபை ஒட்டுவதையும் அப்படியே கைவிட்டேன். கண்ணனை, கமலாவை, மணியை என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாக மாறும். அதைத் தவிர்க்க 'கமலா என்பவரை' என்று இயந்திரத் தமிழ் எழுதுகிறார்கள். சொந்தப் பெயரை அப்படிப் படிக்க யாருக்குப் பிடிக்கும்? "கமலா, உங்கள் புத்தகம் வந்துவிட்டது" என்று பெயரை விளியாக வைத்து வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் உருபே தேவையில்லை. இங்கே நிரலைவிட மொழி தெரிந்தவரின் பத்து நிமிடம்தான் பெரிது.

இவை எதையும் சோதிக்காமல் விடக்கூடாது. ஹெல்பரின் பெரிய வசதியே அதைத் தனியாகச் சோதித்துப் பார்க்கலாம் என்பது. பக்கத்தைத் திறக்க வேண்டாம், தரவுத்தளமும் வேண்டாம். ஒரு சொல்லைக் கொடுத்து, இது திரும்பி வருகிறதா என்று கேட்டால் போதும். ரெயில்ஸில் அதற்கென்றே சோதனை வகுப்பும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியரின் விடிகாலையை நாங்கள் ஒரு சோதனையாக எழுதிவைத்திருக்கிறோம். கடிகாரத்தை அந்த நேரத்தில் நிறுத்தி, "இன்று கடைசி நாள்" என்று வருகிறதா என்று பார்க்கும். நிரலை யார் மாற்றினாலும் அது ஓடும்.

ஆசிரியர் அவர்களே, இரண்டு வேண்டுகோள். உங்கள் கணினிப் பக்கத்தில் தமிழ்ப் பக்கங்களுக்கான ஹெல்பர்களைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். தமிழில் வலைச் செயலி எழுதும் ஒவ்வொரு குழுவும் இதே பள்ளத்தில் தனித்தனியாக விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது, உங்கள் தளத்தில் தலைப்பைச் சுருக்கும் அந்த ஒரு வரியை உங்கள் தொழில்நுட்பக் குழு தேடி எடுத்து மாற்ற வேண்டும். அது ஒரே ஹெல்பரில் இருந்தால் ஒரு மாலை வேலை. பல டெம்ப்ளேட்டில் சிதறிக் கிடந்தால் முதலில் ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும், அதற்குச் சில நாள் ஆகலாம்.

நாங்கள் சோதனைக்கு வைத்திருக்கும் சொற்பட்டியலை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். புள்ளியில் முடிபவை, ஒகர ஓகாரங்கள், 'க்ஷ', 'ஸ்ரீ', கோணக்குறி உள்ள தலைப்புகள், 'இல்லை'யில் முடியும் வாக்கியங்கள் என்று மொத்தம் 64. உங்கள் குழு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நேற்று இரவு மறுபடி பார்த்தேன், கைபேசிப் பக்கத்தில் அந்தத் தலைப்பு இன்னும் 'மாற்றம்…' என்றே நிற்கிறது. தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் வேறு பலரும் அதைப் பார்ப்பார்கள், அதையாவது முதலில் கையால் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, வலை நிரலாளர்